காற்றைச் செதுக்கியவரின் ஊர்



இத்தாலிக்குப் போகிற நம்மவர்கள் ரோமாபுரியைப் பார்ப்பார்கள், வெனிஸைப் பார்ப்பார்கள், பீசாவின் சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். கிழக்கே அட்ரியாற்றிக் கடலோரம் அவர்களது பயணத்தில் அகப்படுவதில்லை. அந்தக் கரையில், அன்கோனா நகருக்குத் தெற்கே புகையிரதத்தில் ஒரு மணி நேரத் தொலைவில், குரொற்றம்மாரே என்றொரு சிற்றூர் உண்டு. இன்றைய பேச்சு அந்த ஊரையும் அது பெற்றெடுத்த ஒரு சிற்பியையும் பற்றியது.

புகையிரதப் பாதை கடலை ஒட்டியே வருகிறது. இறங்கிய இடத்திலிருந்து மணற்கரை சில நிமிட நடைதான். இந்தப் பகுதிக்குப் 'பனைகளின் கரை' என்று பெயர். பனை என்றதும் நமது கற்பகதருவை நினைத்துவிட வேண்டாம். இவை ஈச்ச இனம். நமது தென்னந்தோட்டக்காரர் நன்கறிந்த சிவப்புக் கூன்வண்டு 2000 ஆம் ஆண்டுகளில் இங்கும் வந்து சேர்ந்து, இம்மரங்களில் பலவற்றைக் குருத்தோடு அழித்தது.

கீழேயுள்ள ஊர் புதியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அது திட்டமிட்டு எழுப்பப்பட்டது. அதற்கு முன் ஊர் என்றால் மேலே, குன்றின் மீதுதான். கடற்கொள்ளையரின் தோணிகள் எந்த இரவில் வரும் என்று தெரியாத காலத்தில், கடலால் பிழைத்த சனங்கள் அந்தக் கடலுக்கே அஞ்சி மதிலுக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். அச்சம் நீங்கியது, குன்றுச் சரிவில் மண்ணும் சரிந்தது, சனங்கள் இறங்கி வந்தார்கள். 1863 இல் புகையிரதம் வந்தது. கடலில் குளிக்கவென்று உல்லாசப் பயணிகள் அதன் பின்னே வந்தார்கள்.

மேலே ஏறும் வழி படிகளும் வளைவு வாயில்களும் செங்கல் வீடுகளுமாகப் போகிறது. ஏறி முடித்ததும் ஒரு சதுக்கம். அதன் ஓரத்தில் சிறிய நாடக அரங்கொன்று நிற்கிறது. முன்னொரு காலம் அங்கு நின்ற தோடை மரத்தின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஒரு மரத்தின் பெயரை அரங்குக்கு வைத்த ஊரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. சதுக்கத்துக்கோ பெரெற்றி என்று பெயர். 1521 இல் இங்கே பிறந்த ஃபெலிச்சே பெரெற்றி, சிறுவயதில் பன்றி மேய்த்தவர் என்று சொல்லப்படுபவர், 1585 இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்ற பெயரில் பாப்பரசரானார். ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் எழுந்து முடிந்தது இவரது காலத்தில்தான். 1868 கோடையில் இசைமேதை ஃபிரான்ஸ் லிஸ்ற் இந்த ஊரில் தங்கி, ஒரு குருவானவரிடம் செபநூல் படித்தார் என்பதையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நான் சொல்ல வந்தவர் பெரிக்ளே ஃபாட்சினி. 1913 இல் இங்கே பிறந்தவர். தகப்பனார் மரச்செதுக்கு வேலைக்காரர். உளி பிடிக்கப் பழகியது அந்தப் பட்டறையில். இளவயதிலேயே ரோமுக்குப் போனார். கவிஞர் ஜூசெப்பே உங்கரெற்றி அவருக்குச் சூட்டிய பெயர் 'காற்றின் சிற்பி'.

வத்திக்கானில் பாப்பரசர் மக்களைச் சந்திக்கும் பெருமண்டபத்தில், அவரது ஆசனத்துக்குப் பின்னால் ஃபாட்சினியின் 'உயிர்ப்பு' நிற்கிறது. 1977 இல் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது மீற்றர் அகலமான வெண்கலம். கெத்செமனித் தோட்டத்தில் அணுகுண்டு விழுந்து குழி பறித்ததுபோலவும், அந்தக் குழியிலிருந்து கிறிஸ்து எழுவதுபோலவும் அவர் கற்பனை செய்தார். ஒலிவ மர வேர்கள், கிளைகள், கற்கள் எல்லாம் சிதறிப் பறக்கின்றன. கிறிஸ்துவின் தலைமயிர் ஒரு பக்கமாக அடித்துச் செல்லப்படுகிறது.

இதைப் படத்தில் பார்த்து முகம் சுழிப்பவர்கள் உண்டு. தெய்வ வடிவம் இத்தனை கோரமாக இருக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. நேயர்களே, அவர்களை நான் குரொற்றம்மாரேக் குன்றுக்கு அனுப்பி வைப்பேன். மதிலோரத்தில் நின்றால் கீழே கூரைகள், அப்பால் கடல். காற்று தடையின்றி வந்து மோதுகிறது. நான் நின்ற பிற்பகலில் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்த வெண்கலத்தில் இருப்பது குண்டின் கோரம் மட்டுமல்ல. பிள்ளைப் பருவத்தில் முகத்தில் அறைந்த இந்தக் கடற்காற்றும் அதில் இருக்கிறது. கடற்பறவைகளோடு ஒரு சிறுவனை அவர் மரத்தில் செதுக்கியதையும் இங்கே நின்றுதான் விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கரெற்றி வெறும் புகழுரையாக அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

கொள்ளையரை எதிர்க்க எழுப்பிய பழைய கோபுரம் ஒன்று இப்போது அவரது அருங்காட்சியகம். உள்ளே இருப்பவை சில படைப்புகளே, நிதானமாகப் பார்க்கலாம். 1936 இல் உங்கரெற்றியின் உருவை அவர் மரத்தில் செதுக்கினார். கவிஞரின் அந்த முகத்தைக் காண விரும்புகிறவர்கள் இறங்கி வந்து புகையிரதம் ஏற வேண்டும். அது ரோமில், நவீன கலைக்கான தேசியக் கூடத்தில் இருக்கிறது.