மீண்டும் உடற்பயிற்சி: முதல் வாரத்தின் அளவு

(உரையின் முக்கியப் பகுதிகள்)

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று மும்பையின் தாராவிப் பகுதியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் மக்கள் வாழும் இடம் அது. அங்குள்ள ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகம் விரைவிலேயே தனிமைப்படுத்தும் மையமாக மாற்றப்பட்டது. ஆடவும் ஓடவும் அமைந்த இடத்தில் கட்டில்கள் இடப்பட்டன. அது காலத்தின் தேவை. ஆனால், நோய் அகன்ற பின் கட்டில்களை ஒரே நாளில் அகற்றிவிடலாம். கட்டிலில் கிடந்த உடலை ஒரே நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

அவ்வாண்டு ஜூன் 3 முதல், நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகள் நீங்கலாகப் பிற இடங்களில், காலை 5 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்த வெளியில் நடக்கவும் ஓடவும் மகாராஷ்டிர அரசு அனுமதி வழங்கியது. உடற்பயிற்சிக் கூடங்கள் அக்டோபர் 25இல் திறக்கப்பட்டன. அனுமதி கிடைத்த அன்றே ஆற்றலும் திரும்பிவிட்டதாக எண்ணுவது மனித இயல்பு. இடைவெளிக்குப் பின் பயிற்சிக்குத் திரும்புவோர் பலர் இடறுவது இவ்விடத்தில்தான்.

ஓய்வினால் நேரும் இழப்பு

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. நலமுள்ள ஐந்து இளைஞர்கள் 20 நாட்கள் முழுப் படுக்கை ஓய்வில் வைக்கப்பட்டனர். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு அவர்களிடம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அந்த இழப்பைத் தொடர்ந்து நடந்த ஏறத்தாழ எட்டு வாரப் பயிற்சி ஈடுசெய்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஐம்பது வயதை எட்டிய அதே ஐவருக்கும் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளிக்கப்பட்டது. இடைக்காலத்தில் குறைந்திருந்த ஆற்றல், இளமையில் அவர்கள் ஆய்வுக்கு வந்தபோது இருந்த அளவுக்கு மீண்டது. இழப்பு விரைவாக நேர்கிறது. மீட்சிக்குக் காலம் தேவை. எனினும் மீட்சி உறுதியாக இயலும். இவையே இவ்வாய்வு தரும் பாடங்கள்.

படிப்படியான மீட்சி

கொரோனாவுக்குப் பின் பயிற்சிக்குத் திரும்புவது குறித்து 2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு வழிமுறையை வெளியிட்டது. நோய்க்குறிகள் நீங்கிக் குறைந்தது ஏழு நாட்களேனும் கழிந்த பின்னரே தொடங்க வேண்டும். முதலில் மூச்சுப் பயிற்சியும் மெதுவான நடையும். அடுத்து நடையின் நேரத்தை நாளுக்குச் சிறிது கூட்டுதல். அதன் பிறகே விரைவும் எடையும். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு வாரம் நிற்க வேண்டும். அந்தப் படி கடினமாக இருப்பின் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். இறங்குவது தோல்வியன்று, அது வழிமுறையின் ஒரு பகுதி. நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கத்திற்கு மாறான மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

நடக்கும்போது இயல்பாகப் பேச முடிகிறதா என்பதே எளிய அளவுகோல். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்பது பொருள்.

உழைப்பாளியின் நிலை

மாட்டுங்காவில் ஐந்து தோட்டங்களைச் சுற்றி நடப்பவரும், செம்பூர் டயமண்ட் தோட்டத்திற்குச் செல்பவரும் இவ்வழிமுறையைத் தாமே பின்பற்ற இயலும். தாராவியில் தோல் பட்டறையிலும் மண்பாண்டச் சூளையிலும் பிளாஸ்டிக் பிரிக்கும் கூடத்திலும் உழைப்பவரின் நிலை வேறு. அவருக்கு வேலையே உடல் உழைப்பு. நோயிலிருந்து எழுந்து அவர் வேலைக்குச் செல்லும் முதல் நாளன்றே முழுச் சுமையும் தலையில் ஏற்றப்படுகிறது. விளையாட்டு வீரருக்குப் பயிற்சியாளர் அளவு வகுத்துத் தருகிறார். சுமை தூக்குபவருக்கு அளவு வகுப்பவர் எவருமில்லை. தினக்கூலி பெறுபவரால் வாரக்கணக்கில் காத்திருக்கவும் இயலாது.

ஆகவே அறிவுரை மட்டும் போதாது. முதல் வாரங்களில் பாதிச் சுமை, இடையிடையே ஓய்வு, கூலியில் குறைவின்மை என்னும் மூன்றும் சேர்ந்தால்தான் மருத்துவர் கூறும் படிகள் அவருக்கும் படிகளாகும். காசநோய், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு ஆகியவற்றிலிருந்து மீள்பவர்க்கும் இது பொருந்தும். மருந்து முடியும் நாளில் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை என்பதை அலுவலர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இடமும் தேவை

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் பெரியவர்களுக்குத் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. நேரத்தை வகுப்பது எளிது; இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் நடப்பதற்கு இடம் எங்கே? ஆயினும் இடமின்மை மாற்ற முடியாத விதியன்று. தாராவியை ஒட்டி மிட்டி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா, முன்னர் நகரின் குப்பை கொட்டப்பட்ட நிலம். மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டு 1994இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. பள்ளி மைதானங்களை அதிகாலையிலும் மாலையிலும் அப்பகுதி மக்களுக்குத் திறந்துவிடுவது, இதனினும் குறைந்த செலவில் இயலும்.

மாணவர் ஒருவர் தம் வீட்டில் நோயுற்று எழுந்த பெரியவருடன் நாள்தோறும் பத்து நிமிடம், அவருடைய வேகத்தில் நடந்தால், அது நல்ல தொடக்கம். அவ்வாறு நடப்பதற்கு இடமும், முதல் வாரத்தில் அரைச் சுமையும் கிடைக்கச் செய்வது ஆட்சியின் பணி.