கட்டைக் காக்கக் கட்டளை மட்டும் போதுமா?

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



மாரி தொடங்குமுன் நாம் இங்கே கூடியிருக்கின்றோம். மாரி தொடங்கியபின் குளக்கட்டைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை. அப்பொழுது வெள்ளத்தைப் பற்றியே பேச நேரும். ஆதலின், ஒரே ஒரு வினாவை இன்று உங்கள்முன் வைக்கின்றோம். குளத்தைப் பழுதின்றிக் காக்கவேண்டுமென்று சட்டம் கட்டளையிடுமாயின், அக்கட்டளையை நிறைவேற்றுதற்கு வேண்டிய பொருளைத் தருவது யார்?

1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் நாள் அதிகாலை 3 மணியளவில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. உறக்கத்திலிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,600க்கு மேற்பட்ட வீடுகளும் ஏறத்தாழ 2,000 ஏக்கர் வயலும் அழிந்தன. ஏப்ரில் திருகோணமலைக்கு மாரிக்காலமன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வானத்தின் மேற் பழிபோட்டுத் தப்பிக்கொள்ள அன்று எவருக்கும் இடமிருக்கவில்லை.

மண்ணாற் கட்டிய அணை பெரும்பாலும் இரண்டு வழிகளால் அழிகின்றது. வான் போதாமையால் நீர் கட்டின் மேலேறிப் பாய்ந்து அதை அறுப்பது ஒன்று. கட்டினூடாகவோ துருசின் ஓரமாகவோ நீர் ஊறிச்சென்று, உள்ளிருந்தே மண்ணை அரித்தெடுப்பது மற்றொன்று. எலிவளை, கறையான் புற்று, பட்ட மரத்தின் உக்கிய வேர் ஆகிய யாவும் இந்த இரண்டாவது வழிக்குத் துணை செய்வன. கட்டின் அடியிற் கசிந்துவரும் நீர் தெளிவாக இருக்குமாயின் அதனைக் கவனித்து வரவேண்டும். அது கலங்கி வருமாயின் கட்டின் மண் கரைந்து போகின்றதென்று அறியவேண்டும். இதனை எந்தப் பொறியியலாளரும் நமது கமக்காரனுக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. ஆனால், அறிந்தவன் கையிற் பொருளில்லை. பொருளுடையோர் அறிய வருவதில்லை.

இனி, சட்டத்தை நோக்குவோம். 1832இல் ஆங்கில அரசு இராசகாரிய முறையை ஒழித்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆயினும், அவ்வூழியத்தாற் காக்கப்பட்ட குளங்களுக்கு வேறு ஏற்பாடு செய்யப்படாமையால் அவை தூர்ந்தன. பிற்காலத்தே சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் குளக்கட்டுக்கும் வாய்க்காலுக்கும் ஊறு செய்வோரைத் தண்டிக்க விதிகள் வகுத்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்டத்தில் இடமளித்தது. ஆண்டுகள் மாறின, பெயர்கள் மாறின. ஆனால் கடமையை விரித்துரைத்த சட்டங்கள், கைப்பொருளைப் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசவில்லை.

அணையை உடையவன் யார் என்பதையும் கேட்போம். இந்நாட்டின் குளங்களிற் பெரும்பாலானவை அரசின் உடைமை. பெருங்குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களமும் மகாவலி அதிகாரசபையும் மாகாண நிருவாகமும் பார்க்கின்றன. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீர் தரும் சிறுகுளங்களோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் உள்ளன. அவற்றை நாளாந்தம் பேணுவோர் கமக்காரர் அமைப்பினரே. உடைமை அரசினுடையது, மண்வெட்டி கமக்காரனுடையது. கட்டு உடைந்தால் வயலும் வீடும் போவது கமக்காரனுக்கே. இவ்வாறிருக்க, செலவையும் அவன் தலையிற் சுமத்துவது எந்த நீதி?

பிற நாட்டார் இதனை எவ்வாறு தீர்த்தனர்? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அணைகளிற் பெரும்பாலானவை தனியாருக்குரியவை. தனியாருடைமை தானே, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்நாடு விட்டுவிடவில்லை. உடைந்தால் உயிர்ச்சேதம் விளைக்கக்கூடிய, மத்திய அரசுக்குச் சொந்தமல்லாத, பழுதுற்ற அணைகளைத் திருத்துவதற்கென 2016இல் ஒரு நன்கொடைத் திட்டத்தைச் சட்டத்தால் ஏற்படுத்தியது. செலவில் 100க்கு 65 பங்கு வரை மத்திய அரசு தரலாம். எஞ்சிய 35 பங்கை மற்றையோர் தேடவேண்டும். நியூ ஜேர்சி மாநிலத்திலே 2003இல் வாக்காளர் ஒப்புதலுடன் திரட்டிய கடன்நிதியிலிருந்து, அணையுடையோருக்கு 2 வீத வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்குக் கடன் வழங்கப்பட்டது. தனியார் அணையாயின், உள்ளூராட்சி மன்றமும் உடன் விண்ணப்பிக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. ஏன் இத்தனை ஏற்பாடு? அணை ஒருவனுக்குரியதாயினும், அதன்கீழ் வாழ்பவர் பொதுமக்கள் என்பதனாலேயே. தனியுடைமையாளனுக்கே பொதுப்பணம் தகுமாயின், அரசின் குளத்தைத் தன் உழைப்பாற் காக்கும் கமக்காரனுக்கு அது தகாதோ?

நமது நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. 2008இல் உலக வங்கியின் உதவியோடு அணைப் பாதுகாப்புத் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. முப்பதுக்கு மேற்பட்ட பேரணைகளைத் திருத்துவது அதன் நோக்கமாயிருந்தது. வரவேற்கின்றோம். ஆனால் அது பேரணைகளுக்கான திட்டம். கடன் வந்தபோது வந்து, கடன் முடிந்தபோது முடியும் திட்டம். மாரி ஆண்டுதோறும் வருகின்றது. உதவியும் ஆண்டுதோறும் வரவேண்டுமன்றோ?

அரசிடம் பணமில்லை என்பர் சிலர். 1957 டிசெம்பர் வெள்ளத்திலே வரண்ட பிரதேசமெங்கும் குளங்கள் உடைந்தன. 2018 டிசெம்பரிலே கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டது. மாவிலாற்று அணைக்கட்டின் கரை உடைந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். ஒவ்வொரு முறையும் நிவாரணத்திற்கும் புனரமைப்புக்கும் அரசு செலவிடாமலா இருந்தது? உடைந்தபின் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை உடையுமுன் கொடுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

உதவி கொடுத்தால் கமக்காரன் சோம்பேறியாவான் என்பர் வேறு சிலர். அவன் பங்கின்றித் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. அவனது உடலுழைப்பைக் கூலி மதிப்பில் கணக்கிட்டு, அதனையே அவன் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள் என்கின்றோம்.

ஆகவே, நமது கோரிக்கைகள் நான்கு. முதலாவது, ஒவ்வொரு குளமும் மாரிக்கு முன் தகுதியுடைய பொறியியலாளரால் ஆண்டுதோறும் பார்வையிடப்படவேண்டும். அறிக்கை தமிழிலே அவ்வூர்க் கமக்காரர் அமைப்பின் கையிற் கிடைக்கவேண்டும். இரண்டாவது, உடைந்தால் உயிர்ச்சேதம் விளையக்கூடிய குளங்களுக்கு நன்கொடையும், ஏனைய குளங்களுக்குக் குறைந்த வட்டிக் கடனும் தருவதற்கு நிலையான நிதியொன்று சட்டத்தால் அமைக்கப்படவேண்டும். மூன்றாவது, உதவி கிடைக்குமுன் குறைபாட்டுக்காகக் கமக்காரர் அமைப்பின் மீது வழக்கோ தண்டமோ வரலாகாது. நான்காவது, அந்நிதி மாகாணத்தின் வழியாகச் செல்லவேண்டும்.

நான்காவதைச் சற்று விளக்குவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி, பல மாகாணங்களூடாகப் பாயும் ஆறுகளின் திட்டங்கள் நீங்கலாக, நீர்ப்பாசன வேலைகளின் திட்டமிடலும் பராமரிப்பும் மாகாணத்திற்குரியவை. பாதுகாப்பு என்ற பெயரால் அவ்வுரிமை கொழும்புக்குத் திரும்பிச் செல்லலாகாது. 2021இல் இந்தியா அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபோது, மாநில உரிமை பறிபோகுமென்று தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அணைக்குப் பாதுகாப்பு வேண்டும். அதன் விலையாக அதிகாரத்தைக் கேட்பது முறையன்று. கசிவு காணும் கண் கட்டின் மேலே நிற்பவனுடையது. அவனுக்கு அருகிலேயே முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்கவேண்டும்.

அன்பர்களே, கேட்பவர்க்கும் கடமையுண்டு. குளக்கட்டில் மரம் வளரவிடாதீர்கள். கனத்த வாகனங்களைக் கட்டின்மேல் ஓட்ட இடங்கொடாதீர்கள். மண்மூட்டை அடுக்கி வானை உயர்த்தி, இன்னும் ஓரடி நீர் தேக்குவோமென்று ஆசைப்படாதீர்கள்; அந்த ஓரடி ஊரையே கொண்டுபோகும். கசிவு கண்ட நாளையும் இடத்தையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். எழுதிய முறைப்பாட்டின் படி ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். வாயாற் சொன்னதை அலுவலகம் மறக்கும். எழுத்தை மறுக்க முடியாது. இங்குள்ள பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் ஆசிரியரும் ஆளுக்கொரு கமக்காரர் அமைப்பைப் பொறுப்பேற்று, விண்ணப்பம் வரைவதற்கும் அளவை எடுப்பதற்கும் துணை நில்லுங்கள். வயலில் விளைந்த நெல்லைத்தானே நீங்களும் உண்கின்றீர்கள்!

நாம் கேட்பது பிச்சையன்று. அரசின் உடைமையை அரசு காக்கவேண்டும், அதன்கீழ் வாழும் உயிர்களுக்கு அரசு பொறுப்பேற்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை. கடமையையும் பொருளையும் ஒரே சட்டத்தில் எழுதுங்கள். அதுவரை, ஒவ்வொரு மாரிக்கு முன்னும் இக்கோரிக்கையை எழுப்பிக்கொண்டே இருப்போம்.