உதிர்ந்தவற்றால் ஆன வீடுகள்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கியபடி இருக்கும் மெய்ன் மாநிலத்தின் கரையிலிருந்து ஏறக்குறைய 10 மைல் தள்ளி, மொன்ஹீகன் என்று ஒரு சிறு தீவு உண்டு. ராக்வெல் கென்ட், எட்வர்ட் ஹாப்பர் முதலிய பிரசித்தி பெற்ற சைத்ரிகர்கள் அங்கே வந்து தங்கி, அதன் செங்குத்தான பாறைகளையும் அவற்றின்மேல் மோதும் அலைகளையும் தீட்டியதனால், ஓவிய உலகில் அந்தத் தீவுக்கு நல்ல பெயர் இருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கலைக்கோ தூரிகையும் வேண்டாம், கையொப்பமும் வேண்டாம். தீவின் உள்ளே 'கதீட்ரல் வுட்ஸ்' என்று வழங்கும் ஸ்ப்ரூஸ் மரக்காட்டில், வேர்களின் இடுக்கிலும் அடிமரத்துப் பொந்துகளிலும், சுள்ளியும் மரப்பட்டையும் கூழாங்கல்லும் கொண்டு, முழங்கால் உயரம்கூட எட்டாத வீடுகளைக் குழந்தைகளும், குழந்தைகளைச் சாக்காக வைத்துக்கொண்டு பெரியவர்களும் கட்டிவிட்டுப் போகிறார்கள். தேவதைகள் வந்து தங்குவதற்கான வீடுகள் என்று அவற்றுக்குப் பெயர்.

தேவதைகள் என்றதும் வெள்ளை உடையும் பட்டாம்பூச்சிச் சிறகுமாக ஓர் உருவம் நம் மனத்தில் தோன்றுகிறதல்லவா? அது மிகச் சமீப காலத்துத் தோற்றம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழைய குடியானவர்கள் இந்தக் கூட்டத்தாரிடம் கொண்டிருந்தது பிரியமன்று, பயமே. தேவதைகளின் வாசஸ்தலம் என்று கருதப்பட்ட வட்டமான மண்மேடுகளில் ஏர் பூட்டமாட்டார்கள். அங்கே தனித்து நிற்கும் முள்மரத்தை வெட்டமாட்டார்கள். தொட்டிலில் கிடக்கும் சிசுவைத் தேவதைகள் தூக்கிக்கொண்டு தம்முடையதை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று தாய்மார்கள் நடுங்கினார்கள். அத்தகைய உக்கிரமான ஜாதியைச் சிறகு ஒட்டிச் சிறிதாக்கிக் குழந்தைகளின் புத்தகத்துக்குள் கொண்டுவந்து குடிவைத்தது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைங்கரியம். அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற கிராமத்துப் பெண்கள் இருவர் 1917-ஆம் ஆண்டில் தேவதைகளைப் படம் பிடித்துவிட்டதாகச் சொல்ல, துப்பறியும் கதைகளால் உலகப் புகழ் பெற்ற கோனன் டாயில் அதை நம்பி 1922-இல் ஒரு நூலே எழுதிவிட்டார். அந்த உருவங்கள் காகிதத்தில் வரைந்து கத்தரித்து, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியவை என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டது 1983-இல். அதற்குள் இருவரும் பாட்டிகளாகிவிட்டிருந்தார்கள்.

இந்தக் கதையை நான் விஸ்தரித்ததற்குக் காரணம் உண்டு. படம் தேவதையைக் காட்ட முற்பட்டது. ஆகையால் அது பொய்யாயிற்று. வீடு கட்டுகிறவன் எதையும் காட்ட முற்படுவதில்லை. வாயிலைத் திறந்து வைக்கிறான், உள்ளே ஒரு படுக்கை போடுகிறான், பிறகு எழுந்து போய்விடுகிறான். குடியிருப்பவர் உண்டா இல்லையா என்பது பார்ப்பவர் பாடு. குடியிருப்பவரின் உருவத்தைத் தவிர்த்து, அவருடைய அளவையும் பழக்கவழக்கங்களையும் மட்டும் வீட்டின் மூலம் ஊகிக்கச் செய்வதுதான் இந்தக் கலையின் சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம். வாயிலில் களிமண் பொம்மை ஒன்றை உட்காரவைத்த மாத்திரத்தில் வீடு செத்துப்போகிறது.

மெய்ன் மாநிலத்திலேயே போர்ட்லண்ட் நகருக்கு அருகில், கரையோடு பாலப்பாதையால் இணைந்த மாக்வொர்த் தீவு என்று ஒன்று உண்டு. பெர்சிவல் பாக்ஸ்டர் என்ற முன்னாள் கவர்னர் 1943-ஆம் ஆண்டில் அதை அரசாங்கத்துக்குத் தானமாகக் கொடுத்தார். தம் நாய்களையும் ஒரு குதிரையையும் அங்கேயே அடக்கம் செய்து கல்நாட்டிய மனிதர் அவர். காணாத ஜீவன்களுக்கு வீடு கட்டும் வழக்கம் அவருடைய தீவில் வேரூன்றியது பொருத்தந்தான். அங்கே கட்டுகிறவர்களுக்கு விதித்திருக்கும் நிபந்தனைகள் சொற்பம்: வீடு சிறியதாகவும் மறைவாகவும் இருக்கவேண்டும், உயிருள்ள எதையும் பறிக்கக்கூடாது, செயற்கைப் பொருள் எதையும் சேர்க்கக்கூடாது. காட்டைப் பாதுகாக்க ஏற்பட்ட விதிகள் இவை என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் ஒரு கலைக்கு வேண்டிய இலக்கணம் முழுவதுமே இவற்றில் அடங்கியிருக்கிறது என்பேன். வெட்டவும் வளைக்கவும் ஒட்டவும் உரிமை இல்லாதவன், தனக்கு வேண்டிய வளைவு ஏற்கெனவே வளைந்து கிடக்கும் சுள்ளியைத் தேடித்தானே ஆகவேண்டும்? ஆகவே கை வேலை தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே கண்ணின் வேலை தொடங்கிவிடுகிறது.

நல்ல வீடு எப்படி எழுகிறதென்று பாருங்கள். தேர்ந்தவர்கள் திறந்த வெளியில் நான்கு சுவரும் எழுப்புவதில்லை. அடிமரத்து வேர் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பின்சுவராகவும் பக்கச்சுவராகவும் ஏற்றுக்கொண்டு, முன்புறத்தை மட்டும் தாம் அடைக்கிறார்கள். கவையுள்ள குச்சிகள் இரண்டைப் பாதி அளவு மண்ணில் புதைத்து, கவைகளின்மேல் முகட்டு வளையைக் கிடத்தி, இருபுறமும் சுள்ளிகளைச் சாய்த்துவிட்டால் பசையும் கயிறும் இல்லாமலே சட்டம் நிற்கும். பிறகு கூரை. உதிர்ந்து கிடக்கும் பிர்ச் மரப்பட்டைதான் இதற்கு உத்தமம். அந்தப் பட்டையில் தண்ணீர் இறங்காது. அந்தப் பிரதேசத்தின் ஆதிக்குடிகளான வாபனாக்கி மக்கள் தங்கள் ஓடங்களையும் குடில்களையும் அதே பட்டையால்தான் போர்த்தினார்கள் என்பதை நினைக்கும்போது, இந்த விளையாட்டுக் கூரைக்குப் பின்னால் மெய்யான கூரைகளின் பரம்பரை ஒன்று நிற்பது புலனாகும். பட்டை காய்ந்தால் சுருளும் சுபாவமுடையது. சுருளும் பக்கத்தைக் கீழ்நோக்கி வைத்தால் கூரையை அது அணைத்துப் பிடிக்கும், மேல்நோக்கி வைத்தாலோ ஓரங்கள் கிளம்பி முதற் காற்றிலேயே பறந்துவிடும். ஓலை வேய்வதைப்போலவே இறவாரத்திலிருந்து தொடங்கி முகடு நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும்.

பைன் மரத்துக் கூம்பைத் தூணாக நாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அது வறண்ட நாளில் செதில்களை விரித்தும் மழை நாளில் இறுக மூடியும் கொள்ளும். விரிந்த கூம்பின்மேல் பளு ஏற்றினால் மழை வந்ததும் தூண் மெலிந்து சுவர் தளர்ந்துவிடும். எல்லாவற்றினும் சிரமமானது பரிமாணம். ஓக் கொட்டையின் தொப்பியைச் சாப்பிடும் கிண்ணம் என்று ஒருவர் வைத்துவிட்டால், அந்தக் கணத்திலேயே குடியிருப்பவரின் உயரம் நிச்சயமாகிவிடுகிறது. அதன்பிறகு கதவும் படியும் கட்டிலும் அந்த உயரத்துக்கு அடங்கவேண்டும். கிண்ணத்துக்குப் பக்கத்தில் பெரிய கிளிஞ்சலைத் தொட்டில் என்று வைத்தால், குழந்தை தகப்பனைவிடப் பெரிதாகிவிடும். பெரும்பாலான வீடுகள் தோல்வியுறுவது இந்த இடத்தில்தான்; அதிலும், அகப்பட்ட அழகிய பொருளையெல்லாம் உள்ளே திணிக்கும் பெரியவர்களால்தான். குழந்தைகள் இரண்டு சாமானோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

மாக்வொர்த் தீவின் நிபந்தனைகளைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள வேஃபர்ட் வனம் திருஷ்டாந்தம். அங்கே மரத்தடிகளில் சாயம் பூசிய குட்டிக் கதவுகளை யாரோ பொருத்த ஆரம்பிக்க, அவை நூற்றுக்கணக்கில் பெருகி, காடு சந்தைக்கடைபோல் ஆகிவிடவே, 2015-இல் அதன் பொறுப்பாளர்கள் இனிக் கட்டுப்பாடு வேண்டும் என்று அறிவிக்க நேர்ந்தது. கதவு ஒன்று மட்டும் வாங்கி ஆணியடிப்பதில் தேடலும் இல்லை, தேர்வும் இல்லை. எனவே அதற்கு எல்லையும் இல்லை.

மறுகோடியில், சுள்ளி, பட்டை முதலிய இதே பொருள்களால் அபாரமான தேர்ச்சியை எட்டியவர் ஒருவர் உண்டு. நிலக்காட்சி வடிவமைப்பாளரான பால் புஸ்ஸி, நியூயார்க் தாவரத் தோட்டத்தில் 1992 முதல் நடைபெற்று வரும் குளிர்கால ரயில் கண்காட்சிக்காக, அந்நகரத்தின் பாலங்களையும் மாளிகைகளையும் பட்டை, விதை, காம்பு, கூம்புச் செதில் ஆகியவற்றாலேயே சிற்றுருவாகச் சமைத்தார். புரூக்ளின் பாலத்தைச் சுள்ளிகளில் காண்பது பிரமிப்பூட்டும் அநுபவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே பசை உண்டு, மெருகு உண்டு, மூலக் கட்டடத்தோடு ஒப்பிட்டு மெச்சும் ரசனை உண்டு. அவற்றில் நான் வியப்பது சிற்பியின் பொறுமையை. காட்டு வீட்டில் வியப்பது, சற்றே தூர நின்றால் அது வீடா செத்தைக் குவியலா என்று தெரியாமல் போவதை.

மொன்ஹீகனுக்குச் சென்று இந்த வீடுகளைக் கண்டு மகிழ்ந்த டிரேஸி கேன் என்னும் எழுத்தாளர் 2001-இல் குழந்தைகளுக்காக ஒரு படப்புத்தகம் வெளியிட்டார். அது முதல் இந்தப் பொழுதுபோக்கு நெடுந்தூரம் பரவியது. பரவியதில் ஒரு சங்கடமும் உண்டு. மரத்தின்மேல் படரும் கற்பாசி வகைகள் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்பவை. பசும்பாசியை ஒருவர் மெத்தைக்கென்று உரித்துக்கொண்டால், உரித்த இடம் வெகுகாலம் மொட்டையாகக் கிடக்கும். மின்விளக்கு தந்த எடிசனின் புதல்வர் தியோடர் எடிசன் 1954-இல் நிறுவிய சங்கம் ஒன்றே மொன்ஹீகனின் காட்டுநிலத்தைக் காத்து வருகிறது. அந்தச் சங்கம் என்றேனும் ஒரு நாள் கதீட்ரல் வுட்ஸில் வீடு கட்டுவதை அடியோடு விலக்கிவைத்தாலும், என் வாக்கு சங்கத்தின் பக்கமே. ஏனெனில் இந்தக் கலைக்கு அந்தக் காடுதான் வேண்டும் என்பதில்லை. கடற்கரையில் ஒதுங்கும் கட்டையும் சிப்பியும் உலர்ந்த கடற்பாசியும் போதும். மாக்வொர்த் தீவைச் சுற்றிவரும் பாதை ஒன்றேகால் மைல்தான்; அங்கே செல்ல வாய்க்கும் நேயர்கள், அவசரமின்றி நடந்து, வேர்ப்பக்கமாகவே பார்வையைச் செலுத்துவது நல்லது. நிமிர்ந்து நடக்கிறவர்களுக்கு இந்த வீடுகளில் பாதிகூடத் தென்படாது.