சோலை புகட்டும் பாடம்



இந்த ஆர்.எஸ்.புரத்துக்கு மேற்கே, தென்கயிலாயம் என்று பெரியோர் போற்றும் வெள்ளியங்கிரி மலை நிற்கின்றது. ஏழு மலையும் ஏறி, எம்பெருமானைக் கண்குளிரத் தரிசித்த அன்பர் பலர் இவ்வவையில் உள்ளீர்கள். ஏறும் வழியில் மரங்கள் நமக்கு உணர்த்துவது யாது என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

மழை குறைந்த அடிவாரச் சமவெளியில் வேலும் உசிலும் நிற்கின்றன. சற்று ஏறினால் தேக்கும் வேங்கையும் மூங்கிலும் ஓங்குகின்றன. ஓடைக்கரைகளில் மருதும் நாவலும் தழைக்கின்றன. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெம்மை ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பர். ஆதலின் உயர உயர மரவினமும் மாறுகின்றது. உச்சியை அணுகினால் திறந்த புல்வெளியும், பள்ளத்தாக்கின் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலையும் காண்கின்றோம்.

மரங்கள் அந்த மடிப்பை நாடுவானேன்? மேட்டிலோ கடுங்காற்று, மண்ணும் ஆழமில்லை. மடிப்பில் மண் ஆழம், ஈரம் நிலையானது, காற்றுக்கு மறைவும் உண்டு. இன்னுமொன்று கேளுங்கள். சோலை மரத்தின் விதை வெட்டவெளியில் விழுந்தால், வெயிலும் உறைபனியும் தீயும் அதன் கன்றைப் பிழைக்க விடுவது அரிது. மூத்த மரங்களின் நிழலிலே விழுந்த விதையே பெரும்பாலும் மரமாகின்றது.

உயிரின் நிலையும் இதுவே அன்றோ! தனித்து நின்ற பக்தி ஐம்புலக் காற்றில் அலைந்து வாடும். அடியார் நிழலில் விழுந்த பக்தி வேரூன்றும். அதனாலன்றோ மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுமாறு பணித்தார்!

பெருகி வந்த கங்கையைப் பெருமான் சடையில் தாங்கிச் சிறிது சிறிதாக விடுத்த வரலாற்றை அறிவீர்கள். சோலையும் அவ்வாறே பெருமழையை இலையிலும் பாசியிலும் சருகிலும் வேரிலும் தாங்கி, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றது. கைதட்டிச் சுனையிலும் பாம்பாட்டிச் சுனையிலும் நாம் அள்ளிப் பருகுவது மலைக்காடு காத்துத் தந்த நீரே. பேரூரில் பட்டிப்பெருமான் திருமுன் செல்லும் நொய்யலும், நம் இல்லங்களுக்கு வரும் சிறுவாணியும் இந்த மேற்குமலைக் காடுகளின் கொடையே.

இனி நம் கடமையைப் பேசுவோம். மாசி முதல் வைகாசி வரை நாம் மலையேறும் காலம், காடு காய்ந்து கிடக்கும் காலமாகும். அணையாது எறிந்த ஒரு தீப்பொறி போதும். எரிந்த புல் அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். எரிந்த சோலைக் கன்று மீளாது. நிழல் தரும் மூத்த மரமும் அழிந்தால், அவ்விடத்தில் மறுகன்று முளைப்பதும் அரிதாகும். நாம் வீசியெறியும் பிளாஸ்டிக்கைத் தின்று வனவிலங்குகளும் துன்புறுகின்றன. திருக்கோயிலின் கருவறையில் குப்பை எறிவோமா? மலை முழுவதுமே அவன் திருமேனி என்று சொல்லிக்கொண்டு அங்கே எறிவது எவ்வாறு பொருந்தும்?

பேரூர்த் தலத்தில் இறைவனே அம்மையோடு வயலில் இறங்கி நாற்று நட்டான் என்பது தலவரலாறு. ஆனித் திங்களில் அதனை விழாவாகவே கொண்டாடுகின்றோம். நட்டவன் அவன்; காப்பதேனும் நம் தொண்டாகட்டும். கொண்டு சென்றதனைத்தையும் திரும்பக் கொண்டு வருவோம். மலைமேல் நெருப்பு மூட்டோம். இவ்விரண்டையும் இவ்வாண்டு விழாவின் விரதமாக ஏற்போமாக.

திருச்சிற்றம்பலம்.