ஊர்ப்பலகையில் உயிர்த்திருக்கும் சொல்



இவ்வுரைக்குப் பொருள் ஒரே ஒரு சொல். அதுவும் தமிழ்ச்சொல் அன்று, ஆங்கிலச்சொல். ஆங்கிலம் கற்றோர் பலரும் கேட்டறியாத ஆங்கிலச்சொல். உலகச் சொற்களையெல்லாம் வாரி விழுங்கி வளர்ந்தது என்று புகழப்படும் அம்மொழி, தன் வீட்டுச்சொல் ஒன்றை நாவினின்று நழுவவிட்டது. நகரம் மறந்த அச்சொல்லை நாட்டுப்புறம் காத்தது. பொத்தகம் கைவிட்டதை ஊர்ப்பெயர் ஏந்திக்கொண்டது. அவ்வரலாறே இங்குச் சொல்லப்படுவது.

அச்சொல் 'ஓல்ட்டு' என்பது. அதன் முதலில் ஒரு மூச்சொலி உண்டு. தமிழெழுத்தில் அதனை விடுத்து இங்ஙனம் எழுதலாம். பழமையைக் குறிக்கும் 'ஓல்டு' என்பதனோடு இதனை மயக்கிக்கொள்ளலாகாது. அது வேறு; இது வேறு. 'ஓல்ட்டு' என்றால் மரம் செறிந்த சிறுகாடு. தமிழில் கா என்றும், பொழில் என்றும், சோலை என்றும், தோப்பு என்றும் வேறுபாடு தோன்ற வழங்குவது போலப் பழைய ஆங்கிலத்திலும் மரச்செறிவைக் குறிக்கப் பல சொற்கள் இருந்தன. வுட்டு, அர்சுட்டு, சாவ், வீல்டு, ஓல்ட்டு என்பன அவற்றுட் சில. இவற்றுள் 'வுட்டு' ஒன்றே இன்றும் எல்லார் வாயிலும் வழங்குகின்றது. 'வீல்டு' என்பது இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு நிலப்பகுதிக்குப் பெயராய் நின்றுவிட்டது. ஏனையவை பெரும்பாலும் ஊர்ப்பெயர்களுக்குள் ஒடுங்கின.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேண்டர்பரிக் கதைகளைப் பாடிய சாசர் என்னும் பாவலர், அந்நூலின் தொடக்க அடிகளிலேயே இச்சொல்லை ஆண்டிருக்கின்றார். அன்று அது எவர்க்கும் விளங்கிய சொல். இன்று ஆங்கில மாணவர் அவ்வடிகளைக் கற்க வேண்டுமாயின், இச்சொல்லுக்கு அடிக்குறிப்புத் தேவைப்படுகின்றது. தம் மொழியின் பெரும்பாவலர் எழுதிய சொல்லுக்குத் தம் மக்களே உரை தேடும் நிலை அது! நீர்நாயின் வளையைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் 'ஓல்ட்டு' என்றொரு சொல் உண்டு. ஆயின், அது பற்றிடம் என்னும் பொருளுடைய வேறொரு சொல்லின் திரிபு. ஒலி ஒன்றாயினும் வேர் வேறு.

இனி, அச்சொல் குடியிருக்கும் ஊர்களைக் காண்போர்க்கு வியப்பே மிகும். நார்போக்கு மாவட்டத்தில் ஓல்ட்டு என்பது ஒரு சிறு சந்தையூர். வில்ட்சயரில் ஓல்ட்டு என்பது ஒரு சிற்றூர். டார்செட்டில் விம்போர்ன் என்னும் ஊருக்கு அண்மையில் ஓர் ஓல்ட்டு. ஊசுட்டர்சயரில் செவர்ன் ஆற்றங்கரையில் ஓர் ஓல்ட்டு. வேல்சு நாட்டின் எல்லையில் டீ ஆற்றின் கரையில் இன்னும் ஓர் ஓல்ட்டு. ஒருவர் மற்றவரைக் கண்டு வைத்த பெயர்கள் அல்ல இவை. ஆங்காங்கு வாழ்ந்த உழவரும் ஆயரும், தம் கண்முன் நின்ற மரக்கூட்டத்தைப் பார்த்துத் தம் வாய்ச்சொல்லால் அழைத்த பெயர்கள்! அரசன் ஆணையால் வந்தவை அல்ல. அறிஞர் அவையில் ஆய்ந்து வைத்தவையும் அல்ல.

தனித்து நிற்கும் ஓல்ட்டுகளினும், மரப்பெயரோடு கூடி நிற்பவை மேலும் சுவையுடையன. டார்செட்டில் ஆல்டரோல்ட்டு என்றொரு சிற்றூர் உண்டு. ஆல்டர் என்பது ஈரநிலத்தில் வளரும் ஒரு மரம். யார்க்சயரில் எசோல்ட்டு உண்டு. அது 'ஆசு' மரக்காடு. ஆம்ப்சயரில் பக்கோல்ட்டு உண்டு. அது 'பீச்சு' மரக்காடு. ஒரே வகை மரம் மிக்கு நின்ற காட்டையே பண்டை ஆங்கிலர் 'ஓல்ட்டு' என்றனர் போலும் என்று ஊர்ப்பெயர் அறிஞர் கருதுவதற்கு இத்தகைய பெயர்களே சான்று. அங்ஙனமாயின், வெறுங்காடு என்னும் பொதுச்சொல்லால் ஈடுசெய்ய இயலாத நுண்பொருள் ஒன்று அச்சொல்லுள் இருந்தது. சொல் போனபோது அந்நுண்மையும் உடன்போயிற்று.

ஓக்கு மரத்தின் பழம்பெயர் 'ஆக்கு' என்பது. 'ஆக்கு' மரம் நின்ற 'ஓல்ட்டு' சபோக்கு மாவட்டத்தில் ஆக்கல்டு என்று ஆயிற்று; கெண்டு மாவட்டத்தில் நாக்கோல்ட்டு என்று ஆயிற்று. பின்னதன் தலையில் நகரம் எங்ஙனம் ஏறியது? 'அந்த ஓக்குக் காட்டில்' என்று பொருள்படும் தொடரில், முன்நின்ற சொல்லின் இறுதி மெய் பின்வந்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது. மக்கள் நாவில் புணர்ச்சி செய்த வேலை அது! ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு உருவம் கொண்டது. இன்று அவ்விரண்டு ஊராரும் தம் ஊர்ப்பெயர்கள் உடன்பிறந்தவை என்பதைப் பிறர் சொல்லியே அறிய வேண்டும்.

இச்சொல்லின் உறவு இங்கிலாந்தோடு நிற்பதன்று. செருமன் மொழியில் மரத்தைக் குறிக்கும் 'ஓல்ட்சு' இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் உப்பு 'சால்ட்டு', செருமனில் 'சால்ட்சு'. ஆங்கிலத்தில் நெஞ்சாங்குலை 'ஆர்ட்டு', செருமனில் 'எர்ட்சு'. அம்முறையே ஓல்ட்டும் ஓல்ட்சும் நிற்கின்றன. ஆம்ப்சயரின் பக்கோல்ட்டுக்கு நேராக, செருமனியின் மேற்குப்பகுதியில் போக்கோல்ட்டு என்னும் நகரம் உள்ளது. பெல்சியத்திலும் அப்பெயரில் ஓர் ஊர் உள்ளது. செருமன் நிலத்தில் புக்கோல்ட்சு என்னும் ஊர்கள் பல. எல்லாம் பீச்சு மரக்காடே. ஒல்லாந்து என்னும் பெயரும் 'ஓல்ட்டு நிலம்' என்பதன் திரிபே என்பர் அறிஞர். கடல் இடையிட்டும், ஆயிரம் ஆண்டு கடந்தும், அரசுகள் பல மாறியும், சிற்றூர்ப் பெயர்கள் தம் உறவை மறைக்கவில்லை.

அங்ஙனமாயின், இத்துணை வேரூன்றிய சொல் வீழ்ந்தது எவ்வாறு?

1066ஆம் ஆண்டில் நார்மண்டித் தலைவன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். வென்றவனோடு பிரெஞ்சுமொழி அரண்மனைக்குள்ளும் வழக்குமன்றத்துள்ளும் நுழைந்தது. அதனோடு வந்தது 'பாரசுட்டு' என்னும் சொல். இன்று காடு என்ற பொருளில் உலகெங்கும் வழங்கும் அச்சொல், அன்று மரச்செறிவைக் குறித்தது அன்று. அரசனின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டுத் தனிச்சட்டத்தால் ஆளப்பட்ட நிலத்தைக் குறித்தது. மரமே அரிதான எக்சுமூர் மேட்டுநிலமும் சட்டப்படி 'பாரசுட்டு' எனப்பட்டதே அதற்குச் சான்று. அந்நிலத்துள் மானைக் கொன்றவன் தண்டிக்கப்பட்டான். மரத்தை வெட்டியவன் தண்டம் இறுத்தான். அச்சட்டத்தின் கொடுமையைத் தணிக்க 1217ஆம் ஆண்டில் தனியே ஓர் உரிமைப்பட்டயம் வழங்க வேண்டியதாயிற்று.

ஆகவே, வந்தது வெறுஞ்சொல் அன்று. சொல்லின் முதுகில் ஆட்சி ஏறி வந்தது. உழவன் தன் விறகுக்கும் ஆட்டுக்கும் நம்பியிருந்த ஓல்ட்டு, அரசன் கணக்கில் பாரசுட்டு ஆயிற்று. 'ஓல்ட்டு' என்னும் சொல் அந்த ஒரு வாளாலேயே வீழ்ந்தது எனல் மிகை. 'வுட்டு' என்னும் உள்நாட்டுச் சொல்லும் அதன் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டது. ஆயினும், ஆள்வோர் சொல்லே பெருமைக்குரியது, ஊரார் சொல் தாழ்ந்தது என்ற எண்ணம் ஒருமுறை வேர்விட்டபின், நுண்பொருட் சொற்கள் ஒவ்வொன்றாய் உதிர்வதைத் தடுப்பார் இலர்.

சொல்லின் பொருள் மறந்தால் பெயர்க்கு என்ன நேரும் என்பதற்கு இலண்டன் நகரமே ஒரு காட்டுத் தருகின்றது. அதன் மேற்குப்பகுதியில் வேர்ம்வுட்டு சுக்ரப்சு என்றொரு திறந்தவெளியும், அப்பெயரால் அறியப்படும் சிறைச்சாலையும் உள்ளன. கேட்போர் 'வேர்ம்வுட்டு' என்னும் கசப்புச்செடியால் வந்த பெயர் என்றே எண்ணுவர். பழைய ஆவணங்களோ அதனை 'வேர்மோல்ட்டு' என்கின்றன. 'வேர்ம்' என்பது அன்று பாம்பைக் குறித்த சொல். பாம்புகள் மிக்க சிறுகாடு என்பதே பொருள். ஓல்ட்டு விளங்காத பிற்காலத்தார், தமக்குத் தெரிந்த செடியின் பெயரை அதன்மேல் ஏற்றிவிட்டனர். அண்மையில் உள்ள ஒரு பூங்கா மட்டும் இன்றும் வேர்மோல்ட்டு என்னும் பழம்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆம்ப்சயரில் ஆலிசு ஓல்ட்டு என்னும் காடு உள்ளது. ஆலிசு என்னும் பெண்ணால் வந்த பெயர் அன்று அது. 'ஆல்ப்சிகே' என்னும் பண்டை ஆடவர் பெயரின் சிதைவு. அரசின் காட்டியல் ஆய்வு நிலையம் ஒன்று அங்கே இயங்குகின்றது. அக்காட்டின் இன்றைய முழுப்பெயர் 'ஆலிசு ஓல்ட்டு பாரசுட்டு' என்பது. காட்டைக் குறிக்கும் உள்நாட்டுச் சொல் விளங்காமற் போனமையால், காட்டைக் குறிக்கும் அயற்சொல்லை அதன் வாலில் கட்டிவிட்டனர்! குளொசுட்டர்சயரின் பக்கோல்ட்டுக் காட்டுக்கும் 'வுட்டு' என்னும் சொல் இங்ஙனமே பின்னொட்டாய் நிற்கின்றது. வீட்டுக்காரனை வாயிலில் நிறுத்தி, 'இவன் யார்?' என்று எழுதி மாட்டியது போன்ற நிலை இது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. ஒலியொப்புமை கண்டவுடன் பொருள் கூறப் புகுவது மொழியன்பு ஆகாது. இலண்டனை அடுத்த நார்த்தோல்ட்டு என்னும் ஊர் ஓல்ட்டு என்று முடிகின்றது. ஆயின், 1086ஆம் ஆண்டு எழுதப்பட்ட நில ஏடு அதனை 'நார்த்தாலா' என்கின்றது. அதன் ஈறு மூலைநிலத்தைக் குறிக்கும் வேறு சொல். தெற்கே உள்ள சவுத்தால் அதன் இணை. பழைய எழுத்துவடிவங்களைத் தேடி, காலமுறைப்படி அடுக்கி, அதன்பின்னரே பொருள் காணல் வேண்டும். 1923ஆம் ஆண்டில் தோன்றிய ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகம் அவ்வழியே மாவட்டம் மாவட்டமாக நூல்கள் வெளியிட்டு வருகின்றது. ஊர்ப்பெயர் மட்டுமன்று, ஓடையின் பெயரும் வயலின் பெயரும் அங்கே பதிவாகின்றன. மொழியை மீட்பதற்கு உணர்ச்சி தூண்டுகோல், உழைப்பே கைக்கருவி.

ஓல்ட்டும் ஆல்டரோல்ட்டும் உள்ள அதே டார்செட்டு மண்ணிற் பிறந்தவர் வில்லியம் பார்னசு (1801-1886). பள்ளியாசிரியராய் இருந்து, பின் திருச்சபைப் பணியாளராய் வாழ்ந்த அப்பெருமகனார், நாட்டுப்புற உழவர் பேச்சிலேயே பாடல்கள் இயற்றினார். 1878ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கணம் பற்றி ஒரு நூல் எழுதினார். 'கிராமர்' என்னும் அயற்சொல்லை விடுத்துப் 'பேச்சுத்திறம்' எனப் பொருள்படும் தூய ஆங்கிலச்சொல்லையே அதற்குப் பெயராக இட்டார். நிலைத்திணை நூலுக்கும், மக்கள் ஏறிச்செல்லும் பொதுவண்டிக்கும் உள்நாட்டு வேர்களால் புதுச்சொற்கள் படைத்தார். கற்றோர் நகைத்தனர். அவர் படைத்தவை பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றன. ஆயின், அம்முயற்சி இயலாத ஒன்று என்பார்க்கு விடை அதே நூற்றாண்டிலேயே உண்டு. 1846ஆம் ஆண்டில் வில்லியம் தாம்சு என்பார் 'மக்கள் வழக்கறிவு' எனப் பொருள்படும் 'போக்குலோர்' என்னும் சொல்லை உள்நாட்டு வேர்கள் இரண்டால் ஆக்கினார். அது நின்றது, உலகெங்கும் பரவியது. ஒரு சொல் வெல்வதும் தோற்பதும் அதன் வேரால் அன்று. அதனை எடுத்து வழங்கும் நாக்குகளால்!

இது பழங்கதை என்று எவரும் அமைதி கொள்ள வேண்டா. 2007ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு வெளியிட்ட சிறுவர் அகரமுதலி ஒன்றில் இயற்கைச் சொற்கள் பல நீக்கப்பட்டன. ஓக்கு மரத்தின் கொட்டையைக் குறிக்கும் சொல், ஆசு, பீச்சு என்னும் மரங்களின் பெயர்கள், நீர்நாயின் பெயர் ஆகியன நீக்கப்பட்டவற்றுள் அடங்கும். அவ்விடத்தில் கணிப்பொறி சார்ந்த புதுச்சொற்கள் ஏறின. சிறுவர் வழக்கையே அகரமுதலி காட்டும் என்பது வெளியீட்டார் விடை. 2015ஆம் ஆண்டில் எழுத்தாளர் 28 பேர் அவற்றை மீட்கக் கோரித் திறந்தமடல் விடுத்தனர். ஓல்ட்டு என்பது என்ன என்று அறியாத பிள்ளை, இனிப் பீச்சு என்பது என்ன என்றும் அறியாதாயின், பக்கோல்ட்டு என்னும் ஊர்ப்பெயர் அப்பிள்ளைக்கு முற்றும் பொருளற்ற ஓசையாகிவிடும். முதலில் ஒரு பாதி இருண்டது. அடுத்து மறுபாதியும் இருளும்.

அவையீரே! டார்செட்டின் ஒடுங்கிய சாலையோரத்தில், ஓல்ட்டு என்று எழுதிய ஊர்ப்பலகை ஒன்று மழையிலும் வெயிலிலும் நிற்கின்றது. வண்டிகள் அதனைக் கடந்து விரைகின்றன. அப்பலகை ஊரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. இங்கே ஒரு காடு நின்றது, அதற்கு ஒரு பெயர் இருந்தது, அப்பெயரை வைத்தவர் இம்மண்ணின் மாந்தர் என்றும் அது சொல்லுகின்றது. கேட்பார் அருகினும் பலகை நிற்கின்றது. ஆனால், பலகையில் மட்டும் வாழும் சொல் பாதியுயிரே பெற்ற சொல். அதன் மறுபாதி மக்கள் வாயில் உள்ளது. பேரரசுமொழி என்று நிமிர்ந்து நின்ற ஆங்கிலத்திற்கே இந்நிலை நேர்ந்ததென்றால், எந்த மொழியினர்தாம் தம் சொல் தானே நிற்கும் என்று வாளா இருத்தல் கூடும்? ஊர்ப்பெயரைப் பொருளறிந்து சொல்லுக! பொருளறிந்த சொல்லைப் பிள்ளைகள் நாவில் ஏற்றுக! பெயரைக் காத்த சிற்றூர்க்கு மக்கள் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.