குடலின் வேலியும் குடும்பத்தின் மௌனமும்

(பாலக்காட்டில் நடந்த குடும்ப சங்கமத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. ஒரு நோயாளியின் அப்பா. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

எனக்குக் கல்பாத்தி. அண்ணா உத்யோக நிமித்தம் இடுக்கி எல்லையில் குமுளியில் தங்கிவிட்டார். எங்களுக்கு வைத்தியம் என்றால் வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர். அவருக்கு மலை இறங்கிக் கம்பம், தேனி வழியாக மதுரை. அங்கே அவருக்குக் 'க்ரோன்ஸ்' என்ற குடல் அழற்சி நோய் என்றார்கள். "அம்பி, வெளியில சொல்லிடாதே. பொண்ணுக்கு வரன் பார்த்துண்டிருக்கோம்" என்றார். சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து என் பையனுக்கு வயிற்றுவலி, ஜுரம், எடைக்குறைவு. "குடும்பத்தில் யாருக்காவது குடல் வியாதி உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றேன். குடல் காசநோயும் க்ரோன்ஸும் குழாய் விட்டுப் பார்த்தாலும் பல சமயம் ஒன்றுபோலவே தெரியும். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டான், குறையவில்லை. மதுரைக் காகிதமும் கோயம்புத்தூர்க் காகிதமும் அதன் பிறகுதான் ஒரே மேஜைக்கு வந்தன. தவறு டாக்டருடையது அல்ல, என்னுடையது.

"எனக்கும் வருமாப்பா?" என்று பெண் கேட்டாள். அதற்காகவே விசாரித்துப் படித்தேன்.

குடலின் உட்சுவர் ஒரே வரிசைச் செல்களால் ஆன வேலி. சத்தை உள்ளே விடும், கிருமிகளைத் தடுக்கும். அதைச் சோதிக்க லாக்டுலோஸ், மானிடால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் அளப்பார்கள். பெரிய மூலக்கூறான லாக்டுலோஸ் அளவுக்கு மீறி வந்தால் வேலியில் கசிவு என்று அர்த்தம். கனடாவில் 2008-ல் தொடங்கிய 'ஜெம்' ஆய்வில், க்ரோன்ஸ் நோயாளிகளின் ஆரோக்கியமான உடன்பிறப்புகள், பிள்ளைகள் 1420 பேரை இப்படிச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வெளியாயிற்று. கசிவு உள்ளவர்களுக்குப் பின்னால் நோய் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. ஆனாலும் ஏறக்குறைய 8 வருஷக் கண்காணிப்பில் மொத்தம் 50 பேருக்குத்தான் நோய் வந்தது.

ஆகவே கசிவு ஓர் எச்சரிக்கை, தலையெழுத்து அல்ல. இந்தச் சோதனை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியோடு நிற்கிறது. வேலியை அடைத்து நோயைத் தடுக்கும் என்று நிரூபணமான மருந்து இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் பொடிகளை நம்பாதீர்கள். சிகரெட் கூடாது. வலி மாத்திரைகளை இஷ்டத்துக்கு விழுங்க வேண்டாம். பேதி வாரக்கணக்கில் நீடித்தாலோ, ரத்தம் போனாலோ, எடை இறங்கினாலோ டாக்டரிடம் போங்கள். மலத்தில் 'கால்புரொடெக்டின்' பார்க்கும் எளிய சோதனை குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும்.

கோத்ரம் கேட்டால் தயங்காமல் சொல்கிறோம். குடும்ப வியாதியையும் டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுவோம். அண்ணா பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது; சம்பந்தி வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் நடந்தது. என் பையனுக்கு மட்டும் அந்த மாதங்கள் திரும்பி வராது.