சீட்டுக் கணக்குக்கு ஒரு கணினி யன்னல்



எங்கள் சனத்தில் சீட்டுக் கட்டாத வீடு குறைவு. புது நாட்டில் வங்கி எங்களை நம்பாத காலத்தில் பலருடைய முதல் காரும், ஊரில் இருந்து ஆட்களைக் கூப்பிட்ட செலவும் சீட்டுக் காசில்தான் நடந்தன. அதற்கு ஒப்பந்தப் பத்திரம் இல்லை. சீட்டுப் பிடிப்பவரின் கொப்பியில் உள்ள எண்கள் சரி என்ற நம்பிக்கை மட்டுந்தான். இப்போது பிள்ளைகள், "அம்மா, இதைக் கணினியில செய்து தாறன்" என்கிறார்கள். செய்யட்டும். பெரியவர்களும் கூட இருந்து பழகலாம்.

தொடங்குவதற்கு நான் சொல்வது பைத்தன் மொழியும், விண்டோஸில் அதோடு சேர்ந்தே வரும் டிகே-இன்டர் என்ற கருவித்தொகுதியும். பைத்தனும், அதன் அடியில் உள்ள டிகேயும் 1991இல் வெளிவந்தவை. தோற்றம் கொஞ்சம் பழசு. ஆனால் இலவசம்.

ஒரு யன்னல், தொகை எழுத ஒரு பெட்டி, ஒரு பொத்தான், விடை காட்ட ஒரு வரி. முதல் நாளைக்கு இவ்வளவு போதும், இருபது வரிகளுக்குள் அடங்கும். கடைசி வரியில் வரும் 'மெயின்லூப்' கடை முதலாளி போல வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவரை நீண்ட வேலைக்கு உள்ளே அனுப்பினால் யன்னல் உறைந்துவிடும்.

இனிப் பிழை பிடிப்பது. பெட்டியில் எழுதுவது இலக்கமாகத் தெரிந்தாலும் பைத்தனுக்கு அது எழுத்து. 50ஐயும் 20ஐயும் கூட்டச் சொன்னால் 5020 என்று ஒட்டிக் காட்டும். அதைச் சாதாரண தசம எண்ணாக மாற்றினாலும் ஆபத்து இருக்கிறது: 0.1உம் 0.2உம் சேர்ந்தால் 0.30000000000000004 வரும். காசுக்கு 'டெசிமல்' என்ற வகையைப் பாவியுங்கள். பெட்டியின் எழுத்தை நேரே அதற்கே கொடுங்கள்.

பொத்தானை அழுத்த ஒன்றும் நடக்கவில்லையா? பிழை கறுப்புத் திரையில் எழுதப்படும், யன்னலில் அல்ல. ஆகவே படத்தைச் சொடுக்காமல் கறுப்புத் திரையில் இருந்தே இயக்குங்கள். செய்தியைக் கீழிருந்து மேலே வாசியுங்கள். கடைசி வரி என்ன பிழை என்று சொல்லும், அதற்கு மேலே எந்த வரியில் என்று இருக்கும். பிழைச் செய்தியே இல்லாவிட்டால் பொத்தானுக்குக் கொடுத்த செயலின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டால், யன்னல் திறக்கும்போதே அந்த வேலை ஒருதரம் நடந்து முடிந்துவிடும்.

கணினி சொல்லாத பிழையும் உண்டு. ஏலச்சீட்டில் கழிவு 350 டொலர், ஆட்கள் 12 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு 29.17 என்று காட்டும். பெருக்கிப் பாருங்கள், 350.04. அந்த நாலு சதம் யாருடையது? அதைச் சீட்டுக்காரர் கூடித் தீர்மானித்த பிறகுதான் நிரலில் எழுதலாம். தட்டும்போது இலக்கம் மாறினாலும் கணினி கண்டுபிடிக்காது. வித்தியாசம் 9ஆல் மிச்சமின்றிப் பிரிபட்டால், 450ஐ 540 என்று எழுதியது போன்ற இடமாற்றத்தைத் தேடுங்கள். கணக்காளர்களின் பழைய வழி இது.

முடிந்துபோன ஒரு சீட்டின் கொப்பியை எடுத்து, மாதம் மாதமாக இந்த யன்னலில் போட்டுப் பாருங்கள். சதம் வரை ஒத்துவந்த பிறகு நடக்கும் சீட்டைத் தொடலாம். அப்போதும் ஒரு சுற்று முடியும் வரை கொப்பியிலும் எழுதுங்கள்.